பள்ளிக் குழுவில் கணக்குக் கேட்பவர் யார்?

தஞ்சாவூர் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைமை வகிப்பவர், விதிப்படி, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். தலைமை ஆசிரியர் குழுவைக் கூட்டுகிறார், தீர்மானங்களை எழுதி வைக்கிறார், தலைமை அவருடையதல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து அரச பாடசாலையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் பதவிவழியாகவே அதிபர். பெற்றோர் செயலாளராகலாம், நிர்வாகக் குழுவுக்குத் தேர்வாகலாம், தலைவராக முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் தமிழ்நாட்டு ஏற்பாடே ஜனநாயகமானது என்று உடனே தோன்றும். தோன்றுவதில் தவறில்லை, ஆனால் அது பாதிக் கணக்குத்தான். ஒரு பள்ளியின் ஆட்சிக் குழுவுக்கு உயிர் இருக்கிறதா என்பதை இரண்டு கேள்விகள் காட்டிக்கொடுத்துவிடும். முடிவெடுக்க அதன் கையில் ஏதாவது இருக்கிறதா? செலவு செய்பவரை, செலவு செய்யாத ஒருவர் நிறுத்திக் கணக்குக் கேட்க முடிகிறதா? காவிரிப் படுகையின் அரசுப் பள்ளி இரண்டாவது கேள்விக்கு நல்ல விதி வைத்திருக்கிறது, முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கிறது. இலங்கையின் நிலை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது.

படுகையில் பள்ளிக் குழு என்பது நேற்று வந்த யோசனையில்லை. வயதானவர்கள் வாயில் இன்னும் புழங்கும் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்ற பெயர், ஜில்லா போர்டு என்ற உள்ளூர் ஆட்சி பள்ளி நடத்திய காலத்தின் மிச்சம். தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தலைவராக 1920களில் இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், மராட்டிய அரசர்கள் விட்டுச்சென்ற சத்திரங்களின் வருமானத்தைக் கல்விப் பக்கம் திருப்பினார். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி பிறந்தது அப்படித்தான். அருகிலிருந்த ஓர் அவைக்குப் பணமும் அதிகாரமும் சேர்ந்து இருந்ததால் ஒரு தீர்மானத்தில் விடுதி திறக்க முடிந்தது. இதை வைத்துப் பொற்காலம் பாட வேண்டியதில்லை. அந்த போர்டில் உட்கார்ந்தவர்கள் மிராசுதார்களும் வக்கீல்களும். வாக்குரிமையே சொத்தையும் வரியையும் பொறுத்திருந்த காலம் அது. ராமானுஜன் படித்த கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் போன்ற தனியார் பள்ளிகளிலும் கமிட்டி என்றால் ஊர்ப் பெரியவர்கள்தான். பிள்ளையைப் படிக்க அனுப்பியவர் என்ற ஒரே தகுதியில் எவருக்கும் அங்கே இடம் கிடைத்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டபோது அதிகாரம் ஊர்ப் பெரியவர்களிடமிருந்து சென்னைக்குப் போனது. பெற்றோர் பக்கம் அது வரவேயில்லை.

யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய இதே கதை, இன்னும் திடீரென்று நடந்தது. மிஷன் பள்ளிகளுக்கு எதிர்நிலையில் 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பள்ளி கட்டியது. அதை நடத்திய சு. இராசரத்தினத்துக்கு, சங்கத்தின் ஆங்கில வழக்குப் பெயரான ‘இந்துபோர்ட்’ என்பதே பெயரின் முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு நன்கொடை தந்தது, நியமனம் முகாமையாளர் கையில் இருந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, அந்த டிசம்பர் 1 முதல் உதவி பெற்ற பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது முகாமையாளர் என்ற ஆளே மறைந்துபோனார். யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் போன்ற சில, அரசிடம் போகாமல் தங்கள் ஆட்சிக் குழுவைக் காப்பாற்றிக்கொண்டன. மற்ற இடங்களில் அரசின் முகமாகப் பள்ளியில் நின்றவர் அதிபர் ஒருவரே. அபிவிருத்திச் சங்கத்தின் தலைமை அவருக்கே போனது இந்த வரலாற்றின் இயல்பான விளைவு. 1993ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கு வழிவகுத்தது, ஆனால் அது வேர்பிடிக்கவில்லை. இன்று அங்கே பள்ளிச் சங்கங்களை நடத்துவது கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள்தான்.

பெற்றோர் கண் படாத நிர்வாகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் படுகை கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி, நர்சரிப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி மூன்றும் ஒரே நிர்வாகத்தில், ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மேலே கீற்றுக் கொட்டகை, கீழே சத்துணவு அடுப்பு. தனியார் பள்ளிகளுக்கான 1973ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் குழு ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகளும் இருந்தார்கள். பின்னாளில் நிர்வாகத்தினரோடு கல்வித்துறையினரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அந்தக் கூரையின் கீழ் பிள்ளைகளை விட்டுவந்த பெற்றோருக்கு மட்டும் ‘இந்தக் கீற்றை எடு’ என்று கேட்டு எழுதி வைக்க ஓர் ஏடு இருக்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்திருப்பார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கேட்க இடமில்லாமல் இருந்தது என்பதே இங்கே பொருட்படுத்த வேண்டியது.

அந்த இடத்தைத்தான் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் உருவாக்கியது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, மானியச் செலவைப் பார்ப்பது இதன் வேலை. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் இது பெயரளவில் கிடந்தது. 2022இல் அரசுப் பள்ளிகள் எங்கும் பெற்றோரைக் கூட்டி 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். நிலம் யாருடையது, தெரு எது என்பதை வைத்தே நாற்காலி போடப்பட்டுவந்த படுகைக் கிராமத்தில், நடவுக்குப் போகும் ஒரு பெண் தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் தலைவராக உட்காரலாம் என்பது சின்ன விஷயமில்லை. கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள் தீவைத்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியைக் கண்ட வட்டாரம் இது. ஆனால் இந்தச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 6 முதல் 10 வரை நடக்கும் உயர்நிலைப் பள்ளியில் மூன்று வகுப்புகளுக்குச் சட்டம் துணை, மீதி இரண்டுக்கு அரசாணையும் திட்ட வழிகாட்டியும்தான் துணை. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பின் பெற்றோர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். தனியார் உதவி பெறாப் பள்ளிகளோ முழுவதுமே வெளியே.

அதைவிடப் பெரிய குறை பணத்தில் இருக்கிறது. கண்காணிக்கச் சொன்ன சட்டம், கண்காணிக்கும்படியாக என்ன கொடுத்தது? ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று 2018இல் வகுத்த அளவின்படி 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், 1,000 வரை என்றால் 75,000. அதிலும் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மின்கட்டணம், சாக்பீஸ், பழுதுபார்ப்பு என்று போனால் குழு கூடி விவாதிக்க மிஞ்சுவது தீர்மான நோட்டு மட்டுமே. தேசியக் கல்விக் கொள்கை பற்றி 2024இல் தொடங்கிய டெல்லி–சென்னை சச்சரவில், சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டபோது, தஞ்சாவூர்க் கிராமத்துத் தாய் தலைவரால் அதைப் பற்றிக் கேட்க ஒரு கதவும் இல்லை. ஊர்க்காரர் கொடை தரலாமே என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் கொடைக்கான வழி மாநில அளவிலான ஓர் அமைப்பு. வெளிப்படைத்தன்மைக்கு அது நல்லது, குழுவின் கைக்கு ஒன்றும் சேர்க்காது. குழுவில் இருக்க வேண்டிய உள்ளாட்சிப் பிரதிநிதியும் அடிக்கடி காணாமல் போகிறார். 2016 முதல் 2019 முடிய ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. 2025 ஜனவரியில் படுகை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர் ஆட்சி வந்தது.

இலங்கைச் சங்கத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது. அதன் உறுப்பினர் இருபது முப்பது பேரில்லை, பள்ளியின் எல்லாப் பெற்றோரும் எல்லா ஆசிரியர்களும். பழைய மாணவர்களுக்கும் இடமுண்டு. ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டம், அதில் நிர்வாகத் தெரிவு, கணக்கறிக்கை. சந்தாவும் நன்கொடையும் சங்கத்தின் பெயரிலேயே வங்கியில் சேர்கின்றன. பெரிய செலவுக்கு வலயக் கல்விப் பணிமனையின் ஒப்புதல் வேண்டும். பக்கத்தில் தனியாகப் பழைய மாணவர் சங்கம். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிகளுக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் கிளைகள். ஒரு விஞ்ஞானகூடமோ விளையாட்டரங்கோ வேண்டுமென்றால் கொழும்பின் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பணம் இருப்பதால் கூட்டத்துக்கு ஆள் வருகிறது, ஆள் வருவதால் சண்டையும் வருகிறது. சங்கத் தெரிவு ஊர்ப் பத்திரிகையில் செய்தியாகும் அளவுக்குச் சில ஊர்களில் சூடுபிடிக்கும். அந்தச் சூட்டைக் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. எந்தச் சண்டையும் இல்லாமல் கையெழுத்தாகும் தீர்மான நோட்டே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

அதே சமயம் அங்கே செலவு செய்பவரும் தலைமை தாங்குபவரும் ஒருவரே. கணக்கு வைக்கும் பொருளாளர், அதிபரின் கீழ் வேலை செய்யும் ஆசிரியர். கேள்வி கேட்கும் பெற்றோரின் பிள்ளை மறுநாள் அதே அதிபரின் முன்னால் நிற்க வேண்டும். முதலாம் தர அனுமதிக் காலத்தில் சங்கத்துக்கு ‘அன்பளிப்பு’ என்று வாங்கும் பணம் பற்றிப் புகார்கள் ஆண்டுதோறும் எழுவதும், கட்டாய வசூல் கூடாது என்று அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதும் இந்த அமைப்பிலேயே பிறக்கும் கோளாறுகள். இன்னொன்று ஏற்றத்தாழ்வு. நகரத்துத் தேசிய பாடசாலைக்கு வெளிநாட்டுப் பணம் வரும்; போரில் இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்த வன்னிப் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களும் ஏழைகள்தான். இலங்கை முறையை அப்படியே இறக்கினால் கும்பகோணத்துப் பழைய பள்ளிகள் செழிக்கும், வேதாரண்யம் பக்கத்து உவர்மண் கிராமத்துப் பள்ளி பின்தங்கிப் போகும். அதனால்தான் எடுக்க வேண்டியது வசூல் முறையை அல்ல, எல்லாப் பெற்றோரும் உறுப்பினராக இருக்கும் பொதுக்கூட்டத்தையும் அதில் கணக்கு வாசிப்பதையும் மட்டும் என்கிறேன். பணத்தை அரசே, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஊரின் வறுமைக்கும் ஏற்றபடி, குழுவின் முடிவுக்கு விட்டுத் தரலாம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, கூலிக்குப் போகும் தாய்மாருக்குக் கணக்கு வழக்கு வராது என்பது. மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக மகளிர் சுய உதவிக் குழுக்களில் கடன், வட்டி, தவணை எல்லாம் பார்த்துவரும் பெண்களைப் பற்றி இதைச் சொல்பவர் அந்தக் குழுக்களின் பேரேட்டைத் திறந்து பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். உண்மையான தடை வேறு: கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. சம்பா நடவு நடக்கும் நாட்களில் கரையேறி வந்து கூட்டத்தில் உட்கார்ந்தால் கூலி போகும். பள்ளி நேரத்துக்கு ஏற்ப வைத்த கூட்டத்தை வயல் நேரத்துக்கு ஏற்ப மாற்றாமல் ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: குழுவிடம் அதிகாரம் கொடுத்தால் கட்சிக்காரர் புகுந்துவிடுவார். 2022இல் காலியாயிருந்த 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் விட்டபோது இந்த அச்சம்தான் பலமாக எழுந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மதிப்பூதியம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று விதிகளைத் திருத்திய பிறகே வேலை நகர்ந்தது. இந்த நிகழ்வு குழுவுக்கு அதிகாரமே கூடாது என்று காட்டவில்லை என்பது என் கருத்து. ஆசிரியர் தகுதியை மதிப்பிடுவது குழுவின் வேலையாகவே இருந்திருக்கக் கூடாது. அது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வேலை. இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது, ஏன் இருந்தது என்று கேட்டு மாவட்டக் கல்வி அலுவலரிடமிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் பதில் வாங்கும் உரிமைதான் குழுவுக்குப் பொருத்தம். அதைக் கொடுக்காமல், அரசு தன் பற்றாக்குறையைச் சமாளிக்கக் குழுவைப் பயன்படுத்திக்கொண்டது. கட்சிக்காரர் புகுவது பற்றியோ, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவி எத்தனை ஊர்களில் ஆளுங்கட்சியோடு மாறிவந்தது என்பதை அறிந்தவர்கள் இதைப் புதிய ஆபத்தாகச் சொல்ல மாட்டார்கள். நூற்றுக்கணக்கான பெற்றோர் முன்னால் கணக்கு வாசிக்க வேண்டும் என்ற விதி இருந்தால், உள்ளே புகுந்தவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

பொறுப்பு யாருக்கோ அவருக்கே தலைமை என்று இலங்கை அதிபர்கள் சொல்லும் வாதத்துக்கும் பதில் வேண்டும். கட்டடம் இடிந்தால் அதிபர்தான் விளக்கம் சொல்ல வேண்டும், உண்மை. ஆகவே அன்றாட நிர்வாகம், ஆசிரியர் வேலைப்பங்கீடு, பாடவேளை எல்லாம் அவரிடமே இருக்கட்டும். அவற்றில் குழு கைவைக்கக் கூடாது. விளக்கம் சொல்ல வேண்டியவரே விளக்கம் கேட்கும் கூட்டத்துக்கும் தலைமை தாங்குவது மட்டும் பொருந்தவில்லை. இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணம் தஞ்சாவூரைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் எழுதிக்கொள்ள வேண்டியது அதைவிட அதிகம். மூன்று வயது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கிடைக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே பேசியிருக்கிறது. அக்கொள்கையோடு சண்டை போடும் மாநிலம் அந்த ஒரு வரியைத் தன் சொந்தச் சட்டமாகக் கொண்டுவந்து, ஒன்பது பத்தாம் வகுப்புகளின் பெற்றோருக்கும் 21ஆம் பிரிவின் காப்பைத் தரலாம். எல்லாப் பெற்றோரும் கூடும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை விதியாக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நாள் தேடவும் சிரமமில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை செய்யும் முன்னாள் மாணவர்கள் பொங்கலுக்கு ஊர் வருகிறார்கள். காணும் பொங்கலன்று பிற்பகல் பள்ளிக்கூடத்து மரத்தடியில் வரவு செலவைத் தலைமை ஆசிரியர் வாசிக்க, தாய் தலைவர் கேள்விகளை எடுத்துக்கொள்ள, தீர்மான நோட்டின் நகல் அன்றே ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படலாம்.