ஸ்டிக்கரில் எழுதாத வசதி

'கோர் 2 டுவோ' என்ற ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு பழைய லேப்டாப்புகளை அருகருகே வையுங்கள். ஒன்றில் இருப்பது டி5600 ப்ராசஸர், 1.83 கிகாஹெர்ட்ஸ். மற்றதில் டி5750, 2 கிகாஹெர்ட்ஸ். எண்ணும் பெரிது, வேகமும் கூடுதல், பிந்தி வந்ததும் அதுதான். இரண்டிலும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து 64 பிட் லினக்ஸ் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். சின்ன எண்ணுக்காரன் ஏற்றுக்கொள்வான். பெரிய எண்ணுக்காரன் 'விடி-எக்ஸ் இல்லை' என்று கையை விரிப்பான்.

விடி-எக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்காக இன்டெல் தன் சில்லில் சேர்த்த வசதி. ஏஎம்டி சில்லுகளில் அதற்கு ஏஎம்டி-வி என்று பெயர். டி7000 வரிசை முழுவதற்கும் இன்டெல் இதைக் கொடுத்தது. டி5000 வரிசையில் டி5600-க்கும் டி5500-இல் ஒரு வகைக்கும் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது. பென்டியம் டூயல் கோர் டி2000, டி3000 வரிசைகளுக்கும், நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270-க்கும் கிடையவே கிடையாது. ஆலையில் அந்த வசதியைத் தயாரிக்க முடியாமல் போனதால் வந்த வித்தியாசம் அல்ல இது. ஒரே குடும்பத்துச் சில்லை விலைக்குத் தக்கபடி தரம் பிரித்ததால் வந்தது.

இப்படி விடுபட்ட லேப்டாப்பை வைத்திருப்பவருக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கும். 'முடியவே முடியாது, வேறு வாங்கு' என்பது ஒன்று. 'மெய்நிகராக்க மென்பொருளின் பழைய வெர்ஷனைப் போடு, ஓடும்' என்பது மற்றொன்று. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதல் அறிவுரைக்கு வரலாறே எதிர்சாட்சி. இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 1999 மே மாதம் வெளிவந்தது. விடி-எக்ஸ் வைத்த முதல் இன்டெல் ப்ராசஸர்கள், பென்டியம் 4 வரிசையின் 662-உம் 672-உம், 2005 நவம்பரில்தான் வந்தன. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளும் சில்லின் உதவி இல்லாமலேயே விண்டோஸுக்குள் லினக்ஸும் லினக்ஸுக்குள் விண்டோஸும் ஓடிக்கொண்டிருந்தன.

அது எளிதாக நடந்த காரியம் அல்ல. ஒரு கணினியை ஒழுங்காக மெய்நிகராக்க என்ன தேவை என்று 1974-இலேயே ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் வரையறுத்துவிட்டார்கள். கணினியின் நிலையைத் தொடும் எந்தக் கட்டளையும், உரிமையில்லாத இடத்திலிருந்து வந்தால், பிடிபட்டு மேற்பார்வை நிரலின் கைக்குப் போக வேண்டும். இன்டெலின் எக்ஸ்86 இந்தத் தேர்வில் தோற்றது. பென்டியத்தில் இப்படிப் பிடிபடாமல் நழுவும் கட்டளைகள் 17 என்று 2000-இல் வந்த ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. 'பாப்எஃப்' என்ற கட்டளை நல்ல உதாரணம். உரிமையில்லாத நிரல் அதைக் கொண்டு இன்டரப்ட்டை நிறுத்தப் பார்த்தால் ப்ராசஸர் தடுக்காது, புகாரும் செய்யாது. காதில் விழாததுபோல் இருந்துவிடும். உள்ளே ஓடும் இயங்குதளமோ இன்டரப்ட் நின்றுவிட்டது என்று நம்பி மேலே போகும். அப்புறம் நடப்பது நாசம்.

விஎம்வேர் இதற்குக் கண்டுபிடித்த வழி, உள்ளே ஓடும் கெர்னலின் கட்டளைகளை ஓடும்போதே படித்து, ஆபத்தானவற்றை மட்டும் மாற்றி எழுதி ஓட்டுவது. விர்ச்சுவல்பாக்ஸின் மென்பொருள் முறையும் ஏறக்குறைய இதே குடும்பம்தான்: உள்ளே வந்த கெர்னலை ஒரு படி கீழே இறக்கி உட்கார வைத்து, அதன் குறிமுறையில் ஆங்காங்கே ஒட்டுப்போட்டு ஓட்டியது.

இந்த ஒட்டுப்போட்ட முறை மந்தமாகத்தானே இருந்திருக்கும் என்று தோன்றும். 2006-இல் கீத் ஆடம்ஸ், ஓலே ஆகெசென் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு நேர்மாறாகச் சொன்னது: முதல் தலைமுறை வன்பொருள் வசதி பல வேளைகளில் மென்பொருள் முறையை வெல்லவில்லை. அவர்கள் விஎம்வேர் ஆட்கள், தங்கள் சரக்கைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் அவர்கள் காட்டிய காரணம் உறுதியானது. முதல் தலைமுறை விடி-எக்ஸில் நினைவகப் பக்க அட்டவணையை மெய்நிகராக்க வசதி இல்லை. உள்ளிருந்து வெளியே வந்து போகும் ஒவ்வொரு முறையும் செலவு அதிகம். அந்தக் குறையைப் போக்கும் வசதிகளை ஏஎம்டி 2007-இலும், இபிடி என்ற பெயரில் இன்டெல் 2008-இலும் சில்லில் சேர்த்தன என்பதே அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த சான்றிதழ்.

இன்னொரு சாட்சி மைக்ரோசாஃப்ட். 2009-இல் விண்டோஸ் 7-உடன் வந்த, பழைய எக்ஸ்பியை உள்ளே ஓட்டும் எக்ஸ்பி மோடு, வன்பொருள் வசதி இருந்தால்தான் ஓடுவேன் என்றது. வாங்கியவர்களில் பலருக்குத் தங்கள் ப்ராசஸரில் அது இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. 2010 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கட்டாயம் என்று நேற்றுவரை சொன்னது ஒரு அப்டேட்டில் காணாமல் போனது! ஆகவே 'முடியவே முடியாது' என்பது பொய்.

இரண்டாவது அறிவுரை வென்றுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது.

மென்பொருள் முறை 32 பிட் உலகத்துக்கு உரியது. 64 பிட் முறையை வடிவமைத்தபோது ஏஎம்டி, செக்மென்ட் எல்லைச் சோதனையை நீக்கிவிட்டது. விஎம்வேர் தன்னை உள்ளே ஓடும் கெர்னலிடமிருந்து காத்துக்கொள்ள நம்பியிருந்த வேலியே அதுதான். ஏஎம்டி பிற்பாடு தன் சில்லுகளில் அந்த வேலியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தது, இன்டெல் கொடுக்கவில்லை. அதனால் இன்டெல் கணினியில் 64 பிட் இயங்குதளத்தை உள்ளே ஓட்ட விடி-எக்ஸ் இல்லாமல் விஎம்வேராலும் ஆகவில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் மென்பொருள் முறையிலும் அதே கதைதான்: 32 பிட் மட்டும், ஒரு மெய்நிகர் கணினிக்கு ஒரே ஒரு ப்ராசஸர்.

இந்த வரம்பு 2010-இல் பெரிதாக உறுத்தவில்லை. இன்று கழுத்தை நெரிக்கிறது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. உபுண்டு தன் 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை 17.10-இலேயே நிறுத்தியது. கடைசி வரை தாங்கிப் பிடித்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரையும் கெர்னலையும் கைவிட்டுவிட்டது. வீடு திறந்திருக்கிறது, வரக்கூடிய விருந்தாளிகள்தான் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, பழைய வெர்ஷன் என்பது எவ்வளவு பழையது என்ற கேள்வி. 2019 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-இல் அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் மென்பொருள் முறையை முற்றாக நீக்கியது. 32 பிட் ஹோஸ்டை அதற்கு முந்தைய 6.0-இலேயே கழற்றிவிட்டிருந்தது. 32 பிட் ஹோஸ்டுக்கு எஞ்சியது 5.2, அதற்கான ஆதரவும் 2020 ஜூலையோடு முடிந்தது. புதிய லினக்ஸ் கெர்னலில் அதன் மாட்யூல்கள் கம்பைல் ஆகா. ஆக, உள்ளே ஓடுவதை மட்டுமல்ல, வெளியே இருக்கும் ஹோஸ்டையும் சேர்த்துப் பழசாகவே வைத்திருக்க வேண்டும். ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்த பிறகு, 2018-இல், பென்ரின் போன்ற பழைய சில்லுகள் சிலவற்றுக்கு மைக்ரோகோடு திருத்தம் தரப்போவதில்லை என்று இன்டெலும் சொல்லிவிட்டது. பாதுகாப்பற்ற கெர்னல், பராமரிப்பற்ற மெய்நிகராக்கி, திருத்தம் வராத சில்லு: மூன்றையும் ஒன்றாகக் கட்டி இணையத்தில் விடுவது தெரிந்தே கிணற்றில் விழுவது.

ஆரக்கிள் செய்தது அநியாயமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடும் கெர்னலுக்கு ஒட்டுப்போடும் குறிமுறை மிகச் சிக்கலானது. சோதித்துப் பார்க்கப் பழைய கணினிகளும் ஆட்களும் வேண்டும். குறைந்துகொண்டே போகும் பயனர்களுக்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை. குற்றம் சொல்வதென்றால் டி5000 வரிசையை வெட்டியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு சங்கடமான கூட்டம் இருக்கிறது: விடி-எக்ஸ் உண்டு, இபிடி இல்லை. டி7000 வரிசை கோர் 2 டுவோக்கள் எல்லாம் இந்தக் கூட்டம். விண்டோஸ் 8 முதல் டெஸ்க்டாப்பில் வந்த ஹைப்பர்-வி இவர்களைச் சேர்க்காது. 2017-இல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 14-உம் இன்டெலின் வெஸ்ட்மியர் தலைமுறைக்கு முந்தையவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. லினக்ஸின் கேவிஎம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இபிடி இல்லாத குறையைப் பக்க அட்டவணையின் நிழல் பிரதி ஒன்றை வைத்து அதுவே சமாளிக்கிறது. நினைவகத்தை அடிக்கடி மாற்றும் வேலைகளில் மந்தம் தெரியும். கட்டளை வரியில் ஒரு சிறிய சர்வர் ஓட்டிப் பழகுபவருக்குத் தெரியாது. பழைய லேப்டாப்பில் மெய்நிகராக்கத்துக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பது இந்தக் கூட்டமும் கேவிஎம்மும் சேர்ந்த ஜோடிதான். 2010-இல் வந்த முதல் தலைமுறை லேப்டாப் கோர் ஐ3, ஐ5-க்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவற்றில் விடி-எக்ஸும் இபிடியும் இருக்கின்றன.

சில்லில் வசதி இருந்தும் அது கிடைக்காதவர்கள் கதை தனி. பயாஸ் கணினியைக் கிளப்பும்போதே ஒரு பதிவேட்டில் வசதியை அணைத்துப் பூட்டிவிட்டால், மறுபடி ரீசெட் ஆகும்வரை எந்த இயங்குதளத்தாலும் அதைத் திறக்க முடியாது. சோனி தன் வயோ லேப்டாப்புகள் பலவற்றில் இப்படித்தான் செய்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டியது. 2006-இல் ஜோன்னா ருட்கோவ்ஸ்கா 'புளூ பில்' என்ற பெயரில், ஓடும் விண்டோஸை அதற்கே தெரியாமல் மெய்நிகர் கணினிக்குள் தள்ளிக் காட்டியிருந்தார். அந்தப் பயம் உண்மையானதே. ஆனால் திறவுகோலைப் பயனர் கையில் கொடுக்காமல் பூட்டியதற்கு அது சமாதானம் ஆகாது. எக்ஸ்பி மோடு வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகு சோனியே பல மாடல்களுக்குத் திறந்துவிட்டது.

ராம் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். இன்டெல் 945 சிப்செட் லேப்டாப் 4 ஜிபி போட்டாலும் சுமார் 3 ஜிபிதான் காட்டும். ப்ராசஸர் சம்மதித்தாலும் அந்த இடத்தில் இரண்டு டெஸ்க்டாப்புகளைக் குடிவைக்க முடியாது.

விடி-எக்ஸ் இல்லாதவர் வேறு எங்கே போவது? ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட கியுஎமு, ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தே ஓட்டும். அதனால் அதற்கு எந்த வசதியும் வேண்டாம்; 2025-க்கு முந்தைய பதிப்புகள் 32 பிட் ஹோஸ்டில் 64 பிட் இயங்குதளத்தைக் கூடக் கிளப்பின. வேகம் மட்டும் மாட்டு வண்டி. துவக்கத் திரையைப் பார்க்க, கெர்னல் பழக அது போதும். பிரவுசரைத் திறக்கப் போதாது. லினக்ஸுக்குள் இன்னொரு லினக்ஸ்தான் வேண்டுமென்றால் எல்எக்ஸ்சி போன்ற கன்டெய்னர் சிறந்தது. அது ஹோஸ்டின் கெர்னலையே பகிர்வதால் சில்லைத் தொந்தரவு செய்யாது, வேகமும் குறையாது. விண்டோஸ் 10-இல் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-இன் முதல் வகைக்கும் சில்லின் உதவி வேண்டாம். இரண்டாம் வகைதான் வன்பொருள் கேட்கும்.

என் தீர்ப்பு இது. விடி-எக்ஸ் இல்லாத லேப்டாப்பில் 32 பிட் எக்ஸ்பியில் மட்டும் ஓடும் பழைய மென்பொருள் ஒன்றை, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்ட வேண்டியிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் 5.2 இன்றும் கைகொடுக்கும். வேறு எதற்கும் அதை நம்பாதீர்கள். கன்டெய்னருக்குப் போங்கள், அல்லது டூயல் பூட். விடி-எக்ஸ் மட்டும் இருந்தால் லினக்ஸ் போட்டுக் கேவிஎம் பயன்படுத்துங்கள்.

பழைய லேப்டாப் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்றால், ஸ்டிக்கரைப் பார்த்துக் காசை எண்ணாதீர்கள். லைவ் லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய்க் கிளப்பி, 'எல்எஸ்சிபியு' கட்டளையைக் கொடுங்கள். 'விடி-எக்ஸ்' அல்லது 'ஏஎம்டி-வி' என்ற வரி வந்தால் பேரம் பேசலாம். வராவிட்டால், பயாஸுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.