அறைக்குள் கேட்ட மன்னிப்பு

மைக் நியூவெல் இயக்கிய 'ஹரி பொட்டரும் அக்கினிக் கோப்பையும்' 2005 நவம்பரில் திரைக்கு வந்தபோது நான் பார்க்கவில்லை. மந்திரக்கோல், டிராகன் எல்லாம் சின்னப்பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டேன். போன பனிக்காலத்தில்தான் என் மகளோடு இருந்து பார்த்தேன். மொன்றியலில் பிரெஞ்சில் படிக்கிறவள். பிரெஞ்சுப் புத்தகத்தில் ஹொக்வார்ட்ஸின் பெயர் 'பூட்லார்'. அவள் வாயிலும் அதுதான் வரும். அவளுக்கு வயது 14. கதையில் ஹரிக்கும் அதே வயது.

மூன்று மந்திரப் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி. டிராகனிடமிருந்து முட்டையைப் பறிக்கவேண்டும், ஏரியின் அடியிலிருந்து ஆளை மீட்கவேண்டும், புதிர்ப்பாதையைக் கடக்கவேண்டும். உயிர் போகக்கூடிய போட்டி என்பதால் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெயர் கொடுக்கக்கூடாது. ஹரி கொடுக்கவில்லை. வேறொருவர் அவன் பெயரைக் கோப்பைக்குள் போட்டுவிடுகிறார். பெயர் வெளியே வந்துவிட்டால் பிறகு விலகமுடியாது, விதி விதிதான் என்கிறார் மந்திர அமைச்சின் அதிகாரி. அந்த இடத்தில் எனக்கு மந்திரப்படம் பார்க்கிற நினைப்பே போய்விட்டது. தான் கொடுக்காத பெயருக்காகப் போகவேண்டிவந்த பிள்ளைகளை ஈழத்தில் எங்கள் தலைமுறை அறியும்.

பெரியவர்களில் பேராசிரியை மக்கொனகல் எதிர்த்துப் பேசுகிறார். பையனைத் தூண்டில் இரையாக்குவதா என்று கேட்கிறார். தலைமையாசிரியர் டம்பிள்டோரோ, நடப்பது நடக்கட்டும் என்ற யோசனைக்கு இணங்கிவிடுகிறார். அவர் ஹரிமீது உண்மையான அன்புள்ளவர்.

படத்தில் குறைகள் உண்டு. பெரிய நாவலை இரண்டரை மணித்தியாலத்துக்குள் அடக்கும் அவசரம் எங்கும் தெரிகிறது. நாவலில் வரும் விங்கி என்ற வீட்டுவேலைக்காரக் குள்ளப்பிறவியையும், அவளோடு வரும் அடிமைத்தனம் பற்றிய கேள்வியையும் அடியோடு வெட்டிவிட்டார்கள். ஆனால் செட்ரிக்கின் உடலோடு ஹரி திரும்பிவரும் காட்சிக்கு அவசரமில்லை. வென்றுவிட்டான் என்று சனம் ஆரவாரிக்கிறது, வாத்தியம் முழங்குகிறது. ஒரு பெண் அலறிய பிறகே விஷயம் விளங்குகிறது. செட்ரிக்கின் தகப்பன் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவருகிறார்.

அதற்குப் பிறகு இரண்டு காட்சிகள். மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் டம்பிள்டோர் அஞ்சலி உரை ஆற்றுகிறார். கொன்றவன் வோல்டமோர்ட் என்று அமைச்சின் விருப்பத்தையும் மீறிச் சொல்கிறார். துணிவான பேச்சு. அடுத்து ஹரியின் படுக்கையறைக்குப் போய், உன்னை ஆபத்தில் தள்ளிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறார். அங்கே அவர்கள் இருவர் மட்டுமே.

"ஏனப்பா, இதை எல்லாருக்கும் முன்னால சொல்லேல்லை?" என்று மகள் கேட்டாள்.

படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிரியாவிடைக்கும் சிரிப்புக்கும் தாவிவிடுகிறது. ஆனாலும் அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறதே, அதற்காக இந்தப் படத்தை மதிக்கிறேன். நாங்களும் வருடாவருடம் மண்டபங்களில் விளக்கேற்றுகிறோம். கொன்றவர்களின் பெயரை உரத்துச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அனுப்பிவைத்தவர்களின் மன்னிப்பை அங்கே நான் இன்னும் கேட்டதில்லை.