நின்றுரைக்கும் வேண்டுதல்

சொன்னதையே நாள்தோறும் சொல்லும் வாயில் பொருள் நிலைத்து நிற்குமா? ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வினா புதிதன்று. வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், பொருள் கேட்டால் விழிக்கக் காண்கிறோம். யூதரின் அன்றாட வழிபாட்டிலும் இதே இடர்ப்பாடு உண்டு. காலை, பிற்பகல், மாலை என மூன்று வேளையும் பெரும்பாலும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும் என்பது அவர்தம் நெறி. அவ்வாறு சொல்லச் சொல்ல நம்பிக்கை வளருமா, தேயுமா?

அவ்வழிபாட்டின் நடுநாயகமாக விளங்குவது 'அமிதா'. நிற்றல் என்பது அச்சொல்லின் பொருள். எருசலேம் நோக்கி, மூன்றடி முன்வைத்து, கால்களைச் சேர்த்து நின்று, உதடு அசையுமாறு மெல்லச் சொல்லுவர். மகப்பேறு வேண்டி வாய்க்குள்ளேயே மன்றாடிய அன்னாளைத் தல்மூது இதற்கு முன்மாதிரியாகக் காட்டும். இதற்குப் 'பதினெட்டு' என்றும் ஒரு பெயர் உண்டு. எண்ணினாலோ, வார நாள்களில் பத்தொன்பது வருகிறது! முதல் மூன்று இறைவனைப் போற்றுவன. இடைப் பதின்மூன்று அறிவு, மன்னிப்பு, நோய் நீக்கம், விளைச்சல் முதலியவற்றை வேண்டுவன. இறுதி மூன்று வழிபாடு, நன்றி, அமைதி பற்றியன.

இவற்றுள் ஒன்றை யவ்னே நகரில் சிறிய சாமுவேல் என்பார் இயற்றினார் என்பது தல்மூது தரும் செய்தி. மறு ஆண்டு அவரே அதனை மறந்துபோய், நினைவுகூர முயன்று இரண்டு மூன்று மணி நேரம் நின்றாராம். இயற்றியவரே மறந்ததை அந்நூல் மறைக்கவில்லை. வழிபாட்டை ஏட்டில் எழுதி வைக்காத காலம் அது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அம்ராம் காவோன் ஸ்பெயின் நாட்டு யூதருக்கு எழுதியனுப்பிய வரிசை முறையே முழு வழிபாட்டு நூல்களில் முதலாவது என்பர்.

நெட்டுருவின் தீங்கை முன்னோர் உணராமல் இல்லை. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலேயே, வேண்டுதலைக் கடன்கழிக்கும் வேலையாக்குபவனின் வேண்டுதல் மன்றாட்டு ஆகாது என எலியேசர் என்னும் ஆசான் எச்சரிக்கிறார். வரையறுத்த சொல்லமைப்பைக் 'கேவா' என்றும், உள்ளம் ஒன்றுதலைக் 'கவ்வனா' என்றும் எபிரேயர் வழங்குவர். நம் 'கவனம்' உடனே நினைவுக்கு வரும். ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்குதல் வேண்டா. 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடீஸ், மனம் கலங்கியவன் அது தெளியும்வரை வேண்டுதல் சொல்லலாகாது என்று விதித்தார். மனித இயல்பறிந்து, முதற்பகுதியிலேனும் உள்ளம் ஒன்றினால் போதும் என்னும் தளர்வும் உண்டு.

அம்முதற்பகுதியின் பெயர் 'அபோத்', அதாவது முன்னோர். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878இல் திறக்கப்பட்ட யூத ஆலயத்தின் பெயரிலும் இச்சொல் உண்டு. மகேன் அபோத் என்றால் முன்னோரின் கேடயம். இப்பகுதியில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய மூவர் பெயரும் வருகின்றன. மூவருக்கும் இறைவன் ஒருவனே என்றால் ஒருமுறை சொன்னால் போதாதா? ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இறைவன் என்று சொல்லப்படுகிறது. தந்தையின் நம்பிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளாமல் மூவரும் தாமே தேடிக் கண்டனர் என்பது உரைகாரர் தரும் விளக்கம். இரவல் சொல்லின் தொடக்கத்திலேயே இரவல் நம்பிக்கைக்கு மறுப்பு இருப்பது வியப்பன்றோ?

கடந்த நூற்றாண்டில் இவ்வினாவுக்கு இருவர் வெவ்வேறு விடை தந்தனர். எருசலேமில் வாழ்ந்த அறிவியல் பேராசிரியர் ஏஷயாகு லைபோவிட்ஸ் (1903-1994), வேண்டுதல் மனக்குறையைக் கொட்டும் வடிகாலன்று, இறைவனுக்கு ஆற்றும் கடமை என்றார். மணக்கோலம் காணவிருப்பவனும் மனைவியை அடக்கம் செய்து திரும்பியவனும் ஒரே சொற்களைச் சொல்லுவதே அவருக்குச் சான்று. இது துணிவான கருத்து, ஆழமும் உடையது. ஆயினும் முழுதும் ஏற்கத்தக்கதன்று. கேட்பதற்கு இடமே இல்லையெனில், பதின்மூன்று வேண்டுதல்களை முன்னோர் நடுவில் வைத்தது ஏன்? நோயாளியும் உழவனும் அங்கே நிற்கிறார்களே!

வார்சாவில் பிறந்து நியூயார்க்கில் கற்பித்த ஆபிரகாம் யோசுவா ஹெஷல் (1907-1972), தாயையும் உடன்பிறந்த மகளிரையும் நாசியர் காலக் கொடுமையில் இழந்தவர். 1954இல் வெளியிட்ட நூலில், உணர்வு முந்திச் சொல்லைத் தேடுவதும் உண்டு, சொல் முந்தி உணர்வை எழுப்புவதும் உண்டு என இருவகை காட்டினார். வழிபாட்டு நூலில் பின்னதே பெரிது என்பது அவர் துணிபு. சொல்லத் தெரியாமல் நிற்பவனுக்கு முன்னோரின் சொல் கைகொடுக்கிறது. அதன் உயரத்துக்கு அவன் மெல்ல ஏறுகிறான். பிள்ளைகள் பாட்டை முதலில் பாடமாக்கிப் பல்லாண்டு கழித்துப் பொருளுணர்வதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஹெஷல் கூற்றே நூலின் அமைப்புக்கு இயைந்தது.

அவ்வமைப்பிலேயே ஒரு வாயிலும் திறந்திருக்கிறது. மன்றாட்டைக் கேட்டருள வேண்டும் பகுதியில், சொல்லுபவர் தம் குறையைத் தம் சொற்களிலேயே சேர்க்கலாம். அமிதா முடிந்தபின்னும் அவ்வாறு செய்யலாம். பண்டை ஆசான் ரவினாவின் மகன் மார், நாவைத் தீமையினின்று காக்குமாறு தமக்கெனத் தனியே ஒரு வேண்டுதல் சொல்லி முடிப்பது வழக்கமாம். இன்று அதுவும் வழிபாட்டு நூல்களில் அச்சாகி, எல்லாரும் மூன்று வேளையும் ஒப்பிக்கும் பகுதியாகிவிட்டது. அதைச் சொல்லியபின்பே மூன்றடி பின்வாங்குகின்றனர்.