ஹல்துமுல்லையில் மூன்று மாதம் தங்க ஓர் அறை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் ஏ-4 வீதி, பெரகலைச் சந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஹல்துமுல்லையைக் கடக்கிறது. பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு வாசல் அது. பிரதேச செயலகம், பிரதேச வைத்தியசாலை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, ஒரு கடைத்தெரு. மேலே தேயிலை, கீழே தெற்குச் சமவெளியை நோக்கிச் சரியும் பள்ளத்தாக்கு. வைத்தியசாலைக்கும் பணிமனைக்கும் வேலைக்கு வருகிறவர்களில் பலர் வெளியூரார். மாத்தறை, குருநாகல், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தெல்லாமோ நியமனக் கடிதத்தோடு வந்து இறங்குகிறார்கள். கடிதத்தில் பதவி இருக்கும், கடமையேற்க வேண்டிய திகதி இருக்கும். அன்றிரவு எங்கே படுப்பது என்பது மட்டும் இருக்காது.

குடும்பத்தோடு நிலையாக வருகிறவர் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார். மூன்று மாதம், ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் என்று வருகிறவரின் பாடுதான் பெரும்பாடு. விடுப்பில் போன வைத்தியருக்குப் பதிலாக அனுப்பப்படுபவர், அடுத்த இடமாற்றப் பட்டியலை எதிர்பார்த்திருக்கும் தாதி, களப்பயிற்சிக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், புதிதாக நியமனம் பெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். கட்டில் வாங்கினால் போகும்போது அதை என்ன செய்வது? வாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுக்க இந்தக் குளிர் விடாது.

அமெரிக்காவில் 13 வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் தாதியருக்குக் கட்டில், மேசை, அடுப்போடு தயாராக இருக்கும் வீட்டை மாதக் கணக்கில் வாடகைக்கு விடுவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஹல்துமுல்லை இருக்கும் ஊவா மலையிலும் தமிழ்நாட்டின் நீலகிரியிலும் அப்படி வருகிற ஆள் இருக்கிறார், அவருக்கான வீடு இல்லை. இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு தேடும் பொறுப்பை வந்து இறங்கியவர் தலையில் கட்டக்கூடாது. ஆளை அனுப்புகிற அலுவலகம்தான் அதைச் சுமக்க வேண்டும்.

ஹல்துமுல்லையிலோ கொஸ்லந்தையிலோ அறை பார்க்கப் போகிற தாதிக்கு நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“எத்தன மாசத்துக்குப் பாக்கிறீங்க, மிஸ்?”

“மூணு மாசந்தான் அக்கா. அதுக்குப் பொறகு எடம் மாத்திருவாங்க.”

“மூணு மாசமா? ஒரு வருசம்னா பரவால்ல. முற்பணம் ஆறு மாசத்துக்குத் தரணுமே.”

தங்கப்போவது மூன்று மாதம், கையில் கொடுக்க வேண்டியது ஆறு மாத வாடகை. அந்த அக்காவையும் குறை சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் வெள்ளையடிப்பதும் பூட்டு மாற்றுவதும் அவர் செலவு. அறையோ, வீட்டின் பின்பக்கம் பிள்ளைகளுக்கென்று கட்டியது. ஒரு பலகைக் கட்டில், ஈரம் இழுத்துப் பாரமான பஞ்சு மெத்தை, சுவரில் இரண்டு ஆணி. குசினி பொது. பனி இறங்கும் மாதங்களில் கொடியில் போட்ட வெள்ளைச் சீருடை இரண்டு நாளானாலும் காயாது. காலை ஏழு மணிக் கடமைக்கு, ஈரத்தோடு இஸ்திரி போட்டு உலர்த்தித்தான் உடுத்திக்கொண்டு போக வேண்டும். ‘தளபாடங்களுடன்’ என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் கட்டிலையும் அலுமாரியையும்தான் நினைக்கிறார்கள். மலைநாட்டில் துணி காய ஒரு கூரையும் குளிக்கச் சுடுதண்ணீரும் அவற்றுக்கு முந்தியவை.

தமிழ்நாட்டில் கேள்விகள் வேறு. குன்னூரிலோ கூடலூரிலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற செவிலியரிடம், “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?”, “நீங்க என்ன ஆளுங்க?”, “நைட் டூட்டி உண்டா? பத்து மணிக்குக் கேட் பூட்டிருவோம்” என்று வரிசையாக வரும். சாதியும் அசைவச் சமையலும் வாடகை பேசுவதற்கு முன்பே பேசப்பட்டுவிடும். எங்கள் பக்கம் அந்த இடத்தில் நிற்பது மொழியும் இனமும். சிங்களக் கிராமத்தில் தமிழ்த் தாதிக்கும், தமிழர் நிறைந்த தோட்டத்தின் ஓரத்தில் சிங்களத் தாதிக்கும் வீடு கொடுப்பதில் வெளியே சொல்லாத ஒரு தயக்கம் உண்டு. நடு இரவில் காய்ச்சலோடு தூக்கி வந்த ஒரு பிள்ளையை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், அந்தத் தயக்கம் போய்விடும். அதற்குள் அவர் தங்கும் காலத்தில் பாதி கழிந்திருக்கும் என்பதுதான் வருத்தம்.

சட்டமும் இரண்டு நாட்டிலும் நடுத்தரக் காலத்துக்கு வருகிறவரை மறந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டத்தின் முன் செல்ல வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். மூன்று மாத அறைக்கு நொத்தாரிசைத் தேடிப் போகிறவர் யார்? ஆகவே எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கிறது. முற்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இந்தியாவில் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொன்னதால், ஊரெங்கும் 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் பிறந்தது. பத்திரத்தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்து 2019இல் நடைமுறைப்படுத்திய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் அது சிறு மாற்றமல்ல. எங்கள் நாட்டிலும் முற்பணத்துக்கு அப்படியொரு எல்லை நடைமுறைக்கு வந்தால், முதலில் மூச்சு விடுகிறவர்களில் தாதியரும் இருப்பார்கள்.

ஹல்துமுல்லையைச் சுற்றி இத்தனை தோட்டங்கள் இருந்தும் வாடகைக்கு அறை கிடைக்காததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. தோட்டத்தில் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாருமில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. இந்த மாற்றங்களில் எதிலும் லயம் என்ற வரிசை வீட்டில் இருக்கிறவர் கைக்குப் பெரும்பாலும் காணி உறுதி வரவில்லை. உறுதியில்லாத வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. கிராமத்தில் ஒரு குடும்பம் பக்கத்து அறையைத் தாதிக்குக் கொடுத்து மாதம் நாலு காசு பார்க்கும். நூற்றைம்பது வருடமாக அதே மலையில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. மலையகத்தாரின் காணி உரிமைப் பேச்சில் இந்தப் பக்கத்தை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே தோட்டத்தில் வீட்டுக் கவலை இல்லாத சுகாதார ஊழியர் ஒருவர் இருந்தார். டிஸ்பென்சர் ஐயா. மருந்துச்சாலைக்கு எட்டும் தூரத்தில் அவருக்குக் குவாட்டர்ஸ். பதவி வந்தால் சாவி வரும், பதவி போனால் சாவி போகும். தோட்ட முறையின் கொடுமைகள் எனக்கு நன்றாகவே தெரியும், அதைப் புகழ வரவில்லை. ஆனால் வீட்டைப் பதவியோடு கட்டிவைத்த ஏற்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் காப்பாற்றியிருக்கலாம். 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில அரசின் கைக்கு வந்தன. நோயாளிகளுக்கு அது நல்லதாயிற்று. ஊழியர் தங்குமிடத்தைப் பற்றி அப்போது இன்னும் கவனமாகத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நீலகிரியைப் பார்ப்பது பொருத்தம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் மலைகளிலிருந்து கப்பலேறியவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு சமூகங்கள், ஒரே பயிர், ஒரே குளிர். அங்கே 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குடியிருப்பையும் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. அரசுத் தரப்பில், துணை சுகாதார நிலையக் கட்டடத்திலேயே கிராம சுகாதார செவிலியர் குடியிருக்க இடம் விட்டுக் கட்டினார்கள். பழுதாகிப் பூட்டிக் கிடப்பவையும் உண்டு. இருந்தாலும் கட்டடம் எழுப்பும்போதே அங்கே வேலை செய்கிறவரின் படுக்கையை நினைத்த திட்டம் அது.

இன்னும் இரண்டு ஏற்பாடுகளை நாங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஒரு திருச்சபையின் ஆதரவில் படித்தவர், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு அந்தச் சபையின் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். அது பெரும்பாலும் பட்டணத்துக்கு வெகு தொலைவில் இருக்கும். போகிறவர் வீடு தேடி அலைவதில்லை, குடியிருப்பு மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும். மற்றது 2020இல் இந்திய அளவில் வந்த மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம். மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும், அவருக்குத் தங்க இடம் கொடுப்பது மாநில அரசின் பொறுப்பு. ஹல்துமுல்லையில் யாருக்கும் கணக்கில் வராத அந்த மூன்று மாதம், அங்கே விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் நாட்டில் உள்ளகப் பயிற்சி வைத்தியர் தங்குவதற்கு வைத்தியசாலை இடம் கொடுக்கிறது. அந்த ஒரு வருடம் முடிந்து தூரத்து மலைக்குப் போகும்போதுதான் அவரைக் கைவிடுகிறோம்.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வேறு வழியில் போனது. 1990இல் தொடங்கிய அந்த மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு, அதே மலையின் பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. வேலைக்கு வருகிறவர் சொந்த வீட்டிலிருந்தே வந்தால் வாடகைப் பேச்சே எழாது. எங்கள் தோட்டப் பிள்ளைகள் பதுளைத் தாதியர் கல்லூரியில் இன்னும் அதிகமாக நுழைந்தால் இந்தக் கட்டுரையின் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதி அப்போதும் இருக்கும், ஏனென்றால் வைத்தியரும் பதில் கடமைக்கு வருகிறவரும் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

காசு விஷயத்தில் இரண்டு நாடும் ஒரே தவறைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் நிரந்தர ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி உண்டு, மலைப்பகுதியில் மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. தேசிய சுகாதாரத் திட்டத்தில் ஒப்பந்தத்தில் வரும் செவிலியருக்குத் தொகுப்பூதியம்தான். அடிக்கடி ஊர் மாறுகிறவர் கையில்தான் படி இல்லை. இலங்கையில் 2024 தொடக்கத்தில் வைத்தியர்களின் இடர், போக்குவரத்துப் படியை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்தத் தீர்மானித்தபோது, ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தங்களுக்கும் அது வேண்டுமென்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. அந்தக் கோரிக்கைக்குள் ஹப்புத்தளையில் அறை வாடகை கொடுக்கும் தாதியின் கணக்கும் இருந்தது. ஹப்புத்தளையிலும் எல்லவிலும் கட்டில் மெத்தை சுடுதண்ணீரோடு அறைகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை சுற்றுலாப் பயணிக்கு நாள் கணக்கில் போகின்றன. மாதச் சம்பளக்காரரால் அந்த விலையை நெருங்க முடியாது.

பதுளை மாவட்டத்தில் அறை பார்க்கிறவர் வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை உறுதியானதா? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது, அது இந்த ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்குள்தான். 2020 ஓகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியிலும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் அதே கதைதான். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் பகுதிகளை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு எந்த ஓடை எப்போது கலங்கும் என்று தெரியும். நேற்று வந்த தாதிக்கு எப்படித் தெரியும்? வடகீழ்ப் பருவமழை தொடங்கும் நேரத்தில் ஒரு புதிய ஊழியரை ஊருக்கு அனுப்பிவிட்டு, சரிவில் இருக்கும் மலிவு அறையை அவரே தெரிந்தெடுக்கட்டும் என்று விடுவது பெரிய அலட்சியம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பதுளைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை, ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் இரண்டு விடுதிகளைக் குறுங்காலத்தில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிப் பழுதுபார்த்துக் கொடுக்கலாம். கட்டில், உலர்ந்த மெத்தை, இரண்டு போர்வை, காஸ் அடுப்பு, சுடுதண்ணீர், கூரைக்குக் கீழே துணிக்கொடி ஆகியவற்றைச் சரக்குப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். விடுதி போதாத இடங்களில் ஊருக்குள் நல்ல அறைகளின் பட்டியலை, மண்சரிவு அபாயம் இல்லாதவை என்று பார்த்து உறுதி செய்த பிறகு, பணிமனையே வைத்திருக்கலாம். முற்பணத்துக்குப் பணிமனை பொறுப்பு நின்றால், மூன்று மாதத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்கிற வீட்டுக்காரரும் கொடுப்பார். நியமனக் கடிதத்தில் கடமையேற்கும் திகதிக்குக் கீழே தங்குமிடத்தின் முகவரிக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். வாடகையை மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம், அரச விடுதிகளுக்கு இப்போதும் அப்படித்தான் கழிக்கிறார்கள்.