பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்

கத்தோலிக்க வழிபாட்டில் புறச்சடங்கினின்று அகமாற்றத்திற்குச் செல்லும் நெறியை வழிபாட்டுத் தமிழின் சொல்வரலாறு கொண்டும் ஆராயலாம். பாவ அறிக்கையைச் சுட்டும் சொற்கள் அதற்குச் சிறந்த சான்றாகும்.

1580-இல் அண்டிரிக் அடிகளார் இப்பொருள் பற்றித் தமிழில் அச்சிட்ட நூல், போர்த்துக்கேயச் சொல்லையே தன் பெயராகக் கொண்டது. அச்சொல்லின் வழிவந்த 'கும்பசாரம்' மலையாளத்தில் இன்றும் வழங்குகின்றது. தமிழில் பின்னர் நிலைபெற்றது 'பாவசங்கீர்த்தனம்' என்னும் வடசொற்றொடர். 1973-இல் உரோமைத் திருச்சபை இச்சடங்கின் முறையைத் திருத்தியமைத்தது. இன்று 'ஒப்புரவு' என்பதே பெருவழக்கு.

இம்மாற்றத்தைக் கொண்டு, பழஞ்சொல் புறத்தையும் புதுச்சொல் அகத்தையும் குறித்தன எனக் கூறுதல் எளிது. ஆயின் அது முற்றும் பொருந்துவதன்று. சங்கீர்த்தனம் என்பது வாய்விட்டு எடுத்துரைத்தல். வைணவ மரபில் அது இறைவன் புகழ் பாடுதலைக் குறிக்கும். குற்றத்தைக் கூறுதற்குப் புகழ்ச்சொல் ஆகுமோ எனின், ஆகும். இலத்தீன் மொழியிலும் 'கொன்பெசியோ' என்பது பாவ அறிக்கை, இறைபுகழ் என்னும் இரண்டனையும் உணர்த்தும். புனித அகுஸ்தினாரின் தன்வரலாற்று நூற்பெயர் அவ்விரு பொருளும் தழுவியது. எனவே குறை சொல்லின்கண் இல்லை. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்தல் வேண்டும் என்றது. 1551-இல் திரிதெந்து சங்கம் சாவான பாவங்களைத் தனித்தனியே எண்ணிக் கூறுதல் வேண்டும் என்றது. இவ்விதிகளைக் கடனெனக் கழித்தவர்பால் எண்ணுதலே முதன்மை பெற்றது. அதே திரிதெந்து சங்கம் மனத்துயரையே முதற்கண் வைத்து, அதன் பின்னரே அறிக்கையையும் பரிகாரத்தையும் வைத்தமை மறக்கத்தக்கதன்று.

அம்மனத்துயருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய சொல் 'மனஸ்தாபம்'. தாபம் வெப்பம், மனம் தன் குற்றத்தால் தானே வெந்துருகுதல் அதன் பொருள். தண்டனைக்கு அஞ்சாது இறையன்பால் வருந்துதலை 'உத்தம மனஸ்தாபம்' என்றனர். ஆகவே அகத்தைக் குறிக்கும் சொல் பழைய வழக்கிலேயே இருந்தது. இன்றைய பேச்சுவழக்கிலோ மனஸ்தாபம் என்பது இருவரிடை நேரும் பிணக்கு. தன்னை நோக்கிய சொல் பிறரை நோக்கியதாயிற்று. செபத்தைப் பயிலும் இளையோர் அதன் பொருளை உணர்தல் அரிது.

'ஒப்புரவு' திருக்குறளின் 22-ஆம் அதிகாரப் பெயரில் நின்ற சொல். உலகநடை அறிந்து உதவுதல் அங்குப் பொருள். இங்கோ முறிந்த உறவு மீண்டும் ஒத்தல். பாவம் இறைவனோடன்றித் திருச்சபையோடும் உள்ள உறவைக் குலைப்பது என்னும் கருத்தை இச்சொல் நன்கு புலப்படுத்துகின்றது. அஃது இதன் சிறப்பு. எனினும், நெஞ்சு வேகும் நிலையை இது சுட்டாது; விளைவைக் கூறி வினையை விடுகின்றது.

ஆதலின் ஒப்புரவு என்னும் சொல்லோடு, அதற்கு முன்நிகழ வேண்டிய உள்ளுருக்கத்தை உணர்த்தும் சொல்லும் வழிபாட்டில் விளக்கம்பெற வேண்டும். மனஸ்தாபத்தின் பழம்பொருளை உரையால் மீட்டலோ, 'மனமாற்றம்' என்பதை அதனிடத்து நிறுத்தலோ செய்யலாம். இரண்டனுள் முன்னையதே தக்கது என்பது எம் கருத்து. மாற்றம் என்னும் சொல்லில் வெப்பம் இல்லை.