கல்வெட்டும் கவிழ்ந்த தலையும்

புதுவைக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அண்மையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்டது. துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலை கவிழ்ந்து நிற்கும் வீரனிடம் வெற்றிச் செருக்கு சிறிதும் இல்லை. மரணத்தின் முன் மனிதன் கொள்ள வேண்டிய அடக்கமே அவனிடம் தெரிகிறது. இச்சிற்பத்தின் மேன்மை அதுவே எனக் கருதுகிறோம்.

ஆயின், 'தாயகத்திற்காக மாண்டோர்' எனும் பொருள்படப் பிரெஞ்சு மொழியில் பொறித்த வாசகம் நம்மை வினவச் செய்கிறது: எவருடைய தாயகம்? 1954-இல் ஆட்சி கைமாறியது. 1962-இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. கொடி மாறியும் அவ்வாசகம் மாறவில்லை. பேரரசுக்காகப் பேசுகிறது கல்வெட்டு. மாண்டவருக்காக நிற்கிறது சிற்பம். ஆதலின் அங்கு செல்வோர் எழுத்தைக் கடந்து, அக்கவிழ்ந்த தலையைக் காண்பாராக.