தகப்பனைக் கொன்ற வீரன்

ஜான் மில்லிங்டன் ஸிங் எழுதிய 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' 1907 ஜனவரியில் டப்ளினிலுள்ள அபி தியேட்டரில் மேடையேறியது. சபையில் ஒரே கூச்சல். அயர்லாந்தின் கிராமத்து ஜனங்களை, முக்கியமாகப் பெண்களை, இழிவுபடுத்திவிட்டாராம். பெண்ணின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல்லும் காதில் விழுந்துவிட்டது, கேட்க வேண்டுமா! போலீஸ் வந்தது.

மேயோ கடற்கரைச் சாராயக் கடைக்கு ஓர் இளைஞன் வருகிறான். தகப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டேன் என்கிறான். ஊரே கொண்டாடுகிறது. பெண்கள் வாத்து முட்டையும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தகப்பனோ தலையில் கட்டோடு உயிருடன் வந்து நிற்கிறான். வீராப்பைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த ஊரிலேயே மறுபடியும் அடித்து வீழ்த்துகிறான் மகன். உடனே அதே ஜனங்கள் அவனைக் கயிற்றால் கட்டுகிறார்கள். காதலித்தவளே நெருப்பை எடுத்து அவன் காலைச் சுடுகிறாள்.

முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இப்போது முடியவில்லை. காலைக் காப்பியோடு கொலைச் செய்திகளை ருசித்துப் படிக்கிற நானும் அந்தச் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். குடியானவர்கள் எல்லாருமே கவிஞர்களாகப் பேசுவது திகட்டத்தான் செய்கிறது; போகட்டும். கடைசியில் அவன் போய்விட்டான் என்று அந்தப் பெண் சால்வையால் தலையை மூடிக்கொண்டு புலம்புகிறாள். டப்ளின் கூச்சலில் அந்தப் புலம்பல் யார் காதில் விழுந்திருக்கும்?